நேற்றுத் தெருவில் ஓர் ஆரஞ்சு மக்

"வலது கால்," என்றது தேர்வி.

ஜெசிந்தா கட்டிலிலிருந்து வலது காலைத் தரையில் வைத்தாள்.

"பல் தேய்க்கும் முன் அரை டம்ளர் தண்ணீர்." குடித்தாள். "இன்று இடியாப்பம். தேங்காய்ப்பால் வேண்டாம், சொதி." சாப்பிட்டாள். "கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கலாம்." சிரித்தாள்.

தூத்துக்குடி மிதவை நகரத்தில் எல்லோருக்கும் காலை இப்படித்தான் விடியும். தேர்வி என்பது அரிசி அளவில் ஒரு சில்லு. குழந்தைக்குக் காது குத்தும்போதே அதையும் காதுக்குப் பின்னால் பொருத்திவிடுவார்கள். அன்றிலிருந்து என்ன உடுத்துவது, என்ன படிப்பது, யாரோடு பேசுவது, எப்போது கோபப்படுவது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். கிளாட்வினைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னதும் தேர்விதான். இருவருக்கும் அதில் வருத்தமில்லை. வருத்தப்படலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, தேவையில்லை என்று சொல்லியிருந்தது.

சிக்கல் இப்போதுதான் வந்தது. இருவருக்கும் டைட்டனில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கோளைச் சுற்றும் அந்தத் துணைக்கோளின் குடியிருப்பில் கிளாட்வினுக்குக் காற்றுக் குழாய்களைப் பராமரிக்கும் வேலை, ஜெசிந்தாவுக்குப் பாசி வளர்க்கும் வேலை. ஆனால் தேர்வியின் மூளை பூமியில் இருக்கிறது. டைட்டனிலிருந்து, "குழாய் உடைந்துவிட்டது, எந்த வால்வை மூடட்டும்?" என்று கேட்டால், கேள்வி பூமிக்கு வந்து பதில் திரும்பிப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கேட்டவர் உயிரோடு இருக்கமாட்டார்.

ஆகவே சுயமாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே கப்பலில் இடம். அதற்குச் 'சுயதேர்வுச் சான்று' வேண்டும். கிளாட்வின் வாங்கிவிட்டான். ஜெசிந்தா இன்று வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் நாளை கப்பல் அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். போனால் திரும்பி வர ஒன்பது ஆண்டுகள்.

சான்றுக்கான தேர்வு நடக்கும் இடம் நேற்றுத் தெரு.

படகிலிருந்து இறங்கும்போது ஜெசிந்தா மறுபடியும் கேட்டாள். "ஏங்க, உள்ள என்னதான் செய்யணும்? ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"சொல்லக் கூடாது ஜெசி. சொன்னேன்னு தெரிஞ்சா என் சான்றையும் பிடுங்கிருவாவ."

"கஷ்டமா இருக்குமா, அத மட்டும் சொல்லுங்க."

கிளாட்வின் சுற்றுமுற்றும் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் கஷ்டமாத் தெரியல. போனேன், எடுத்தேன், வந்தேன்."

"அந்தப் பச்ச டெலிபோனயா?"

"ஏன், நல்ல போனுதான அது?" என்றான், சற்றுச் சுருக்கென்று.

அவனோடு தேர்வுக்குப் போன நண்பர்கள் அத்தனை பேரும் சுருள் வயர் வைத்த அதே பச்சை டெலிபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். நேற்றுத் தெருவில் பச்சை டெலிபோன் மட்டுமே விற்கிறார்கள் போல என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள்.

வாசலில் தேர்வு அதிகாரி ஆறுமுகநயினார் அவள் காதுக்குப் பின்னால் ஒரு பேனாவை வைத்து அழுத்தினார். தேர்வி அணைந்தது. கையில் ஒரு செம்பு வில்லையைக் கொடுத்தார்.

"இதான் காசு. ஒருத்தருக்கு ஒரு பொருள். பழைய காலத்து மனுசங்க மாதிரி நீங்களே தேர்ந்தெடுக்கணும். பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்து வில்லையை வாங்கிட்டு வேற எடுக்கலாம். சாயங்காலம் சங்கு ஊதுறதுக்குள்ள வாசலுக்கு வந்துடணும். வெறுங்கையோட வந்தா சான்று கிடையாது."

ஜெசிந்தா தலையாட்டினாள். பிறகு அங்கேயே நின்றாள்.

"யம்மா, நடங்க," என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

"எந்தக் கால முதல்ல வைக்க?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் அவர், தன் தேர்வியும் அப்போதுதான் அணைந்திருந்ததால் அழும் குரலில்.

பழைய தூத்துக்குடியின் கரையோரம் கடலுக்குள் போன பிறகு, அதே இடத்தில் தூண்கள் நட்டு, பலகை பாவி, அதன்மேல் கட்டிய கடைவீதி அது. பலகை இடுக்குகளில் கீழே அலை தெரிந்தது. தகரக் கூரைகளில் கடற்காகங்கள் உட்கார்ந்திருந்தன. கையால் எழுதிய பெயர்ப்பலகைகளும், மினுக்கி மினுக்கி எரியும் குழல்விளக்குகளும், ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒவ்வொரு பாட்டும். எந்தப் பாட்டைக் கேட்பது என்று அவள் காதுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டதில் தலை சுற்றியது.

சற்றுத் தூரத்தில் தெரு மூன்றாகப் பிரிந்தது. அந்த முச்சந்தியில் முப்பது நாற்பது பேர் சிலை போல நின்றிருந்தார்கள். இடமா, வலமா, நேரா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள். ஒருவர் தலைமேல் கடற்காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை விரட்டலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

திகைத்து நிற்பவர்களுக்கு உதவ ஒரு மருத்துவ இயந்திரம் தள்ளுவண்டியோடு சுற்றி வந்தது. ஒரு பெரியவர் அருகில் போய், "ஐயா, ரொம்ப நேரமா நிக்கிய. சர்பத் குடிங்க, தெளிஞ்சிரும். நன்னாரியா, எலுமிச்சையா?" என்று அன்போடு கேட்டது.

பெரியவர் கண்கள் நிலைகுத்தின. மறுபடியும் உறைந்துபோனார்.

ஜெசிந்தாவும் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. பெரிய அலை ஒன்று வந்து தூண்களில் மோதியது. பலகை இடப்பக்கம் சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். கால்கள் இடது சந்துக்குள் போய்விட்டன.

பச்சை டெலிபோன் மட்டுமா? உள்ளே லட்சம் பொருள் இருந்தது. முதுகு வீங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகள், நாடா பிதுங்கிய கேசட்டுகள், பெண்டுலம் ஆடும் கடிகாரங்கள், கழுத்தில் கோலி சிக்கிய சோடா பாட்டில்கள், பொத்தானை அமுக்கினால் விரியும் குடைகள். ஒரு குடையை எடுத்தாள். வைத்தாள். ஒரு கடிகாரத்தைத் தொட்டாள். ஓடும் கடிகாரம் நல்லதா, நின்ற கடிகாரம் நல்லதா? நல்லது என்றால் என்ன? 'பிடித்திருக்கிறது' என்பது உடம்பில் எந்த இடத்தில் தெரியும்? வயிற்றிலா, நெஞ்சிலா? வயிற்றில் ஏதோ புரண்டது. அது குடைக்காகவா, பசிக்காகவா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

கால் வலித்தது. உட்கார மெத்தை விரித்திருந்த ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க!" என்று எழுந்தது கடைக்கார இயந்திரம். வெள்ளைச் சட்டை, காதில் சொருகிய பென்சில், தகர நெற்றியில் விபூதிப் பட்டை. "கல்யாணத்துக்கா, வளைகாப்புக்கா, சும்மா எடுக்கியளா? எது வேணும்?"

"தெரியலியே."

"சரி, எது வேண்டாம்?"

"அதுவும் தெரியல."

"அப்பக் கவலைய விடுங்க. எல்லாத்தையும் விரிச்சிருவோம்," என்று அது மகிழ்ச்சியோடு நான்கு கைகளாலும் சேலைகளை வீசத் தொடங்கியது.

பக்கத்து மெத்தையில் ஏற்கெனவே ஒரு சேலை மலை. அதன் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் சான்றுக்கா, தங்கச்சி?"

"ஆமாக்கா."

"நான் பியூலா. டைட்டன்ல சமையல்கட்டுக்கு எடுத்திருக்காவ. காலைலருந்து இங்கயே கெடக்கேன். ரெண்டு கண்ணும் பூத்துப்போச்சு. இந்த மிசினு விரிக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்குது."

"நீங்க போதும்னு சொல்லலியேக்கா," என்றது இயந்திரம்.

"போதுமான்னு எனக்கே தெரியலியே! தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

ஜெசிந்தாவின் முன்னால் சேலைகள் குவிந்தன. அத்தனையும் துணி, அவ்வளவுதான். ஒன்றிலும் கண் நிற்கவில்லை. அப்போது பியூலா ஒரு சேலையைக் கையில் எடுத்து மடியில் போட்டுத் தடவினாள். கடுகு நிறம், கத்தரிப்பூக் கரை.

ஜெசிந்தாவின் கண் அதிலேயே நின்றது. எவ்வளவு அழகான சேலை! அதுதான் வேண்டும். அதே சேலை தன் குவியலிலும் இரண்டாவதாகக் கிடந்ததை அவள் பார்த்தாள். ஆனால் இங்கே கிடந்தபோது அது வெறும் துணி. அங்கே பியூலாவின் கையில்தான் அது மின்னியது.

எடுக்கக் கை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். இது யாருடைய தேர்வு? பியூலாவைப் பார்த்து எடுத்தால் பியூலாவே தேர்வி ஆகிவிட மாட்டாளா? காதுக்குப் பின்னால் இருக்கும் சில்லுக்குப் பதில் காதுக்குப் பக்கத்தில் ஓர் ஆள், அவ்வளவுதானே? தேர்வில் தோற்றதாகச் சொல்லிவிடுவார்கள்.

எழுந்தாள்.

"எங்க போற? இந்தக் கடுகுக் கலர் எனக்கு எடுப்பா இருக்குமான்னு சொல்லிட்டுப் போ," என்றாள் பியூலா.

"நான் சொல்லக் கூடாதுக்கா. நீங்களாத்தான் எடுக்கணும்."

"பெரிய நியாயஸ்தி! ஒரு வார்த்த சொன்னா வாயில முத்து உதுந்துருமாக்கும்?"

ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் அந்தச் சேலையைப் பிடுங்கிவிடுவோம் என்று பயமாக இருந்தது. யாருடைய கையும் கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும். சந்து குறுகியது, கடைகள் குறைந்தன. கடைசியில் கடலைப் பார்த்தபடி பிளாஸ்டிக் சாமான் கடை ஒன்று. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. கடைக்கார இயந்திரம் சுவரில் வயரை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேல் வாளியின் விளிம்பில் ஓர் ஆரஞ்சு நிற மக் தொங்கிக்கொண்டிருந்தது. மாலை வெயில் அதன் வழியே நுழைந்து பலகையில் ஓர் ஆரஞ்சு வட்டத்தை விழச் செய்திருந்தது. அவள் அதைக் கழற்றினாள். கைப்பிடிக்குள் விரல்கள் ஒழுங்காகப் போய் அமர்ந்தன. அடியில் லேசான கீறல்கள். எடையே இல்லை. ஆட்டிப் பார்த்தாள். வட்டமும் ஆடியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், விரல்கள் விடமாட்டேன் என்றன. ஓ, இங்கேதான் தெரியுமா இது? வயிற்றிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. விரலில்.

"இது வேணும்," என்றாள்.

இயந்திரம் பதறி விழித்தது. "எக்கா, அது விக்கிற சாமான் இல்ல. வாளி வாங்கினா சும்மா குடுப்பாவ. குளிக்கிற ரூம்ல கெடக்கும்."

"எதுக்கு?"

இயந்திரத்தின் கண்விளக்குகள் கூச்சத்தோடு மங்கின. "தண்ணி மோந்து ஊத்த. பெறவு… மத்த சோலிக்கும்."

"இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு."

"இத ஒருத்தரு பிடிச்சு வாங்குனதா என் ஞாபகத்துல எங்கயுமே இல்லியேக்கா," என்று குழம்பியபடியே வில்லையை வாங்கிக்கொண்டது.

ஜெசிந்தா வாசலுக்கு ஓடினாள். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. முதல் ஆளாக வந்துவிட்டாள். வேலிக்கு வெளியே கிளாட்வின் பயணப் பையோடு நின்று கையாட்டினான். அவள் மக்கை உயர்த்திக் காட்டினாள்.

ஆறுமுகநயினார் அவள் நெற்றிக்கு நேராக நடத்தைமானி என்ற கருவியைப் பிடித்தார். முள் காட்டிய நிறம் சிவப்பு. இன்னொரு முறை பிடித்தார். மறுபடி சிவப்பு.

"யாரைப் பார்த்து எடுத்தீங்க?"

"யாரையும் பாக்கல சார்."

"யாராவது நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

"இல்ல. கடைக்காரரே வேண்டாம்னாரு."

"அந்தக் கடையில கூட்டம் இருந்துச்சா?"

"ஒருத்தருமே இல்ல சார்," என்றாள் ஜெசிந்தா பெருமையாக.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அப்போ உங்க தேர்வி சரியா அணையல. சான்று தர முடியாது."

"ஐயோ, நானாத்தான் சார் எடுத்தேன்!"

"அம்மா, எங்க அளவுகோல் சும்மா வந்ததில்ல. தேர்வியெல்லாம் இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சு. இருபத்தோராம் நூற்றாண்டு. மனுசன் முழுச் சுதந்திரமா வாங்கின காலம். அப்போ ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, செல்போன் கடைன்னு எல்லாத்துலயும் கேமரா வெச்சிருந்தாங்க. அந்தப் படத்தையெல்லாம் வருசக்கணக்கா உக்காந்து பார்த்துத்தான் இந்த மானியைச் செஞ்சிருக்கோம். சுதந்திரமான மனுசன் எப்படித் தேர்ந்தெடுப்பான் தெரியுமா? முதல்ல கூட்டம் எந்தக் கடையில இருக்குன்னு பார்ப்பான். உள்ள போனதும் தன் முன்னால கிடக்கிறதைப் பார்க்கவே மாட்டான். பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பார்ப்பான். 'அவங்க வெச்சிருக்காங்கல்ல, அதே மாதிரி காட்டுங்க'ம்பான். அதுதான் இயல்பு. நீங்க என்னடான்னா, தனியாப் போயி, யாரையும் பார்க்காம, யாரையும் கேட்காம, நேரா ஒண்ணை எடுத்துட்டு வந்திருக்கீங்க. இப்படியெல்லாம் மிஷின்தான் செய்யும்."

வேலிக்கு அப்பால் கிளாட்வினின் முகம் வாடியது.

"இன்னும் நேரம் இருக்கு," என்றார் அதிகாரி, மனமிரங்கி. "இதைக் குடுத்துட்டு, மனுசங்க மாதிரி எதையாவது எடுத்துட்டு வாங்க."

மக்கை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் திரும்பி ஓடினாள். திட்டம் எளிது. மக்கைக் கொடுக்க வேண்டும். வில்லையை வாங்க வேண்டும். பியூலா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடுகு நிறச் சேலையை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். எளிதான காரியத்துக்குக் கண் ஏன் கலங்குகிறது என்றுதான் புரியவில்லை.

முச்சந்தியில் சிலைபோல நின்றவர்களைக் கடந்தபோது, அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. உறைந்துகிடந்த பெரியவர் முதன்முதலாக வாயைத் திறந்தார். "அது என்ன?"

அவள் நிற்கவில்லை. பின்னால் காலடிகள் கேட்டன.

ஜவுளிக்கடை வாசலில் பியூலா வழிமறித்தாள். "ஏ புள்ள, கைல என்னது அது?"

"மக்குக்கா. திருப்பிக் குடுக்கப் போறேன். நீங்க அந்தக் கடுகுச் சேலையத்தான எடுத்திய?"

"சேல கெடக்கட்டும். இம்புட்டு அழகா ஒரு சாமான எங்க பிடிச்ச? காலைலருந்து இதத்தானட்டி நான் தேடிக்கிட்டு இருக்கேன்!"

"இது என்னன்னு தெரியுமாக்கா?"

"என்னவா இருந்தா என்ன? எந்தக் கட?"

பதில் வரும் முன்னரே, முச்சந்திக் கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தது. பியூலா சேலையைத் தூக்கிக் கடைக்குள் எறிந்துவிட்டு எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினாள்.

ஜெசிந்தா போய்ச் சேர்ந்தபோது பிளாஸ்டிக் கடையை நெருங்க முடியவில்லை. "வரிசையா வாங்க! கிட்டங்கி நெறையச் சரக்கு இருக்கு! நீலம், பச்சை, ரோஸ் எல்லாம் இருக்கு!" என்று இயந்திரம் ஆனந்தக் கூத்தாடியது.

"நீலம் யாருக்கு வேணும்? அந்தப் பொண்ணு கையில இருக்கிற மாதிரி குடு!"

"எனக்கு மொதல்ல!"

"யோவ், நான் அப்பவே நின்னேன்!"

"அண்ணாச்சி, இத வாங்கிட்டு வில்லையக் குடுங்க!" என்று ஜெசிந்தா கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினாள். இயந்திரத்தின் காதில் விழவில்லை. மக்கைத் திருப்பித் தர வந்தவள் என்று தெரிந்ததும் நான்கு பேர் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

கூட்டம் அவளையும் அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. அத்தனை பேர் கையிலும் ஆரஞ்சு மக். ஆறுமுகநயினார் மானியைப் பிடித்தார். பச்சை. அடுத்தவர். பச்சை. "அருமை, அருமை," என்று முத்திரை குத்திக்கொண்டே வந்தார். பெரியவருக்குப் பச்சை. பியூலாவுக்கு அடர்ந்த பச்சை.

ஜெசிந்தாவின் முறை. முள் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் நடுங்கியது.

"நீங்க முதல்ல கொண்டுவந்ததும் இதேதானே?" என்றார் அதிகாரி சந்தேகமாக. "அதையே வெச்சிருக்கீங்களா? இல்ல, குடுத்துட்டுப் புதுசா எடுத்தீங்களா?"

அவள் வாய் திறப்பதற்குள் பியூலா குறுக்கே வந்தாள். "புதுசாத்தான் சார் எடுத்திருக்கும். என்னப் பாத்து எடுத்தது! நான் மக்க வாங்கும்போது பக்கத்துல நின்னு என் கையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. காலைல சேலைக் கடைலயும் அப்படித்தான். இதுக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது, பாவம்."

ஜெசிந்தா அவள் பக்கம் திரும்பினாள். "நீங்கதான்க்கா என்னை…"

"அப்படியா?" அதிகாரியின் முகம் மலர்ந்தது. மானியைச் சற்றுத் தாழ்த்தினார். "இதை நீங்களே சொல்லணும். இந்த அம்மாவைப் பார்த்துத்தான் எடுத்தீங்களா?"

விரல்கள் மக்கை இறுக்கின. அது அவள் பிறந்ததிலிருந்து தானாக எடுத்த ஒரே பொருள். இல்லை என்று சொன்னால் அது உண்மை, ஆனால் ஒன்பது ஆண்டுகள் பிரிவு. ஆமாம் என்று சொன்னால் வேலிக்கு அப்பால் நிற்கும் கிளாட்வின். கேட்க யாரும் இல்லை. பார்க்க யாருடைய கையும் இல்லை. ஆச்சரியம், இந்த முறை குழப்பமே வரவில்லை.

"ஆமா சார்," என்றாள். "அவங்களப் பாத்துத்தான் எடுத்தேன்."

முள் பச்சையில் போய் நின்றது. ஆறுமுகநயினார் எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'எவர் துணையும் இன்றிச் சுயமாகத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் உடையவர்' என்று அச்சிட்ட அட்டையில் முத்திரையை ஓங்கிக் குத்தி நீட்டினார்.